ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராயும் மூலக அட்டவணையும்

திண்டுக்கல் சமவெளியிலுள்ள எரியோட்டிலே சில தினங்களுக்கு முன் தேசாபிமானம் மிக்க வாலிபர்கள் சிலருடன் நாம் அளவளாவ நேர்ந்தது. பேச்சு பல விஷயங்களையும் தொட்டுச் சென்று, கடைசியில் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் மூலக அட்டவணையில் வந்து நின்றது. முற்காலத்து ஆசிரியர்கள் மூலகம் என்று எழுதியதையே இக்காலத்துப் பாடநூல்கள் தனிமம் என்று வழங்குகின்றன. அவ்வாலிபர்களில் ஒருவர், பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு மறுநாளே மறந்துவிடும் அந்த அட்டவணைக்கும் தேசத் தொண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவினார். மற்றொருவர், அதனை வகுத்த ருஷ்ய வித்வான் ஏகம் முதலிய சமஸ்கிருதச் சொற்களை அதிலே வழங்கியிருப்பதால், அவ்வட்டவணையே நம் முன்னோர் தேடி வைத்த சொத்து என்று பெருமிதத்துடன் கூறினார். முதல்வர் அறிவை அந்நியப் பொருளென்று ஒதுக்குகிறார். இரண்டாமவர் உழையாமலே அதனைத் தம்முடையதென்று கொண்டாடுகிறார். இவ்விரண்டு மனப்பான்மைகளும் தேசத்துக்கு நன்மை தரமாட்டா என்பது நமது திடமான அபிப்பிராயம். ஆயினும் இவற்றை வாதத்தால் மறுப்பதைவிட, அந்த அட்டவணையின் காலி இடமொன்றை இந்திய மண்ணிலிருந்து நிரப்ப முயன்ற ஒரு பெரியாரின் சரித்திரத்தைச் சொல்வதே தக்க விடையாகுமெனக் கருதுகிறோம். அப்பெரியார் வங்காளத்து ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

1861-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, அக்காலத்து ஜெசூர் ஜில்லாவைச் சேர்ந்ததும் இன்று வங்க தேசத்தில் இருப்பதுமான ராருளி என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையாரான ஹரிஷ் சந்திர ராய் நிலபுலங்களும் நல்ல நூல்களைச் சேர்க்கும் ஆசையும் உடையவர். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு 1870-இல் அக்குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த பிரபுல்லரை 1874-இல் கடுமையான சீதபேதி பீடித்தது. பள்ளியை விட்டு ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அந்நோய் அவரது தேகத்தை ஆயுள் முழுவதும் மெலிவித்தது. ஆனால் அந்த ஓய்வுக் காலத்திலே தந்தையின் புத்தகசாலை அவரது உள்ளத்தை வளர்த்தது. பிறகு ஆல்பர்ட் பள்ளியிலும், ஈசுவரசந்திர வித்யாசாகரர் நடத்திய மெட்ரோபாலிடன் கலாசாலையிலும் பயின்றார். ரசாயன சாஸ்திரத்தை மட்டும் பிரஸிடென்ஸி கலாசாலைக்குச் சென்று, பெட்லர் என்னும் ஆங்கிலப் பேராசிரியரிடம் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், தோழர் ஒருவருடன் சேர்ந்து வீட்டிலேயே சிறு பரிசோதனைச் சாலை ஒன்றையும் அமைத்துக்கொண்டார். 1882-இல் கில்கிறிஸ்டு உபகாரச் சம்பளம் பெற்று, ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ சர்வகலாசாலைக்குப் பிரயாணமானார்.

அவர் எத்தகைய சாஸ்திரத்தைக் கற்கச் சென்றார் என்பதை வாசகர்கள் அறிய வேண்டுமாயின், மூலக அட்டவணையைப் பற்றிச் சிறிது சொல்லுதல் அவசியமாகும். பிரபுல்லருக்கு எட்டாவது வயது நடந்துகொண்டிருந்த 1869-இல், ருஷ்ய தேசத்து மெண்டலீவ் என்னும் பேராசிரியர் அக்காலத்தில் தெரிந்திருந்த 63 மூலகங்களையும் அவற்றின் அணுஎடைப்படி வரிசைப்படுத்தினார். லேசானதில் தொடங்கிக் கனமானதை நோக்கிச் செல்கையில், ஒரு குணம் மறைந்து, சில இடங்களுக்கு அப்பால் மறுபடியும் தலைகாட்டுவதை அவர் கண்டார். தண்ணீரிலே பட்டவுடன் பொங்கியெழும் லித்தியத்துக்குச் சில இடங்கள் கழித்து அதே இயல்புடைய சோடியம் வருகிறது. மேலும் சில இடங்கள் கழித்துப் பொட்டாசியம் வருகிறது. இவ்வாறு குணம் திரும்ப வரும்போதெல்லாம் வரிசையை மடக்கி, ஒத்த குணமுடையவை ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும்படி எழுதினார். பக்கவாட்டில் செல்லும் வரிசை படிப்படியான மாறுதலைக் காட்டும். மேலிருந்து கீழே செல்லும் வரிசை ஒரு குடும்பத்தாரைக் காட்டும். அட்டவணையின் சூத்திரம் முழுதும் இதுவே.

இம்மாதிரியான அமைப்பு நம்மவர்க்குப் புதிதன்று. நம் குழந்தைகள் பயிலும் நெடுங்கணக்கை நினைத்துப் பாருங்கள். மெய்யெழுத்துக்கள் பதினெட்டும் ஒருபுறமும் உயிரெழுத்துக்கள் பன்னிரண்டும் மற்றொருபுறமும் நிற்க, இடையிலே 216 உயிர்மெய்கள் தத்தம் கட்டங்களில் அமைகின்றன. பலகையில் ஒரு கட்டம் அழிந்துபோயினும், மகர வரிசையில் ஈகாரத்தின் கீழ் இருக்க வேண்டியது மீ என்பதை ஒரு சிறுவனும் சொல்லிவிடுவான். ஙௌ என்னும் எழுத்து யாதொரு சொல்லிலும் நமக்குப் பயன்படுவதில்லை; ஆயினும் அதன் இடத்தை நாம் நீக்குவதில்லை. முறை ஒன்று உண்டென்று அறிந்தவன், கண்ணுக்குத் தெரியாததையும் அதன் அயலாரைக் கொண்டு அறிகிறான். நெடுங்கணக்கு மனிதர் வகுத்தது. மூலக அட்டவணையோ இயற்கையில் முன்பே இருந்து மனிதரால் கண்டெடுக்கப்பட்டது. வேற்றுமை அவ்வளவே.

மெண்டலீவின் பெருமை, அவர் நிரப்பிய கட்டங்களைக் காட்டிலும் நிரப்பாமல் விட்ட கட்டங்களிலேயே விளங்குகிறது. ஒரு மூலகம் இயல்பினால் பொருந்தாத இடத்தில் வந்து விழுந்தால், அதனை அங்கே பலவந்தமாகத் திணிக்க அவர் இசையவில்லை. இன்னும் கண்டுபிடிக்கப்படாத பொருளுக்குரிய இடம் அதுவென்று காலியாக விட்டார். விட்டதோடு அமையாமல், அங்கு வரவேண்டிய பொருளின் எடை இன்னது, அடர்த்தி இன்னது, குணம் இன்னது என்று பகிரங்கமாக எழுதியும் வைத்தார். அலுமினியத்துக்கு அடுத்த கீழிடத்துப் பொருளுக்கு ஏக அலுமினியம் என்றும், சிலிக்கனுக்கு அடுத்த கீழிடத்துப் பொருளுக்கு ஏக சிலிக்கன் என்றும் தற்காலிகமாகப் பெயரிட்டார். எரியோட்டு நண்பர் குறிப்பிட்ட சமஸ்கிருதச் சொல் இதுவே.

1875-இல் பிரான்ஸ் தேசத்து லெக்கோக் டி புவபோட்ரான் என்பவர் காலியம் என்னும் உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தியை அவர் 4.7 என்று கணித்திருந்தார். அவ்வுலோகத்தைக் கண்ணாலும் கண்டிராத மெண்டலீவ், அது ஏறக்குறைய 5.9 ஆக இருக்க வேண்டுமென்றும், மறுபடியும் சோதிப்பது நலமென்றும் தெரிவித்தார். உலோகத்தைச் செவ்வனே சுத்தி செய்து நிறுத்தபோது 5.9 என்றே விடை கிடைத்தது. 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மேனியமும் கண்டுபிடிக்கப்பட்டுத் தமக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடங்களிலே அமர்ந்தன. ஜெர்மேனியம் வெளிப்பட்ட அந்த வருஷத்திலே நமது பிரபுல்லர் எடின்பரோவில் மாணவராக இருந்தார். காலியிடம் ஒன்றை நிரப்புவதே ரசாயன அறிஞர் அடையத்தக்க பெரும்பேறென்று அக்காலத்து வாலிபர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

எடின்பரோவில் அவர் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1887-இல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றார். தாமிரம், மக்னீசியம் முதலியவற்றின் கந்தக உப்புக்களே அவரது ஆராய்ச்சிக்கு விஷயமாயின. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மயில்துத்தம் தாமிரத்தின் உப்பு. வெள்ளைத் துத்தம் துத்தநாகத்தின் உப்பு. அன்னபேதி இரும்பின் உப்பு. பேதியுப்பு மக்னீசியத்தின் உப்பு. இவ்வுலோகங்கள் வெவ்வேறாயினும், இவற்றின் உப்புக்கள் படிகமாகும்போது ஒன்று மற்றொன்றின் இடத்தில் புகுந்து நிற்க வல்லன. வேற்றுமைக்கு நடுவே விளங்கும் இந்த உறவையே அவர் ஆராய்ந்தார். படிப்புக்கு இடையிலும் தாய்நாட்டை அவர் மறந்தாரில்லை. சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைக் குறித்து நடந்த கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் குறைகளை அஞ்சாமல் எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, அவரோ அக்கட்டுரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.

1888-இல் தாயகம் திரும்பியபோது, அத்தகைய பட்டம் பெற்ற ஒருவருக்கு ஏற்ற உத்தியோகம் அவர் பிறந்த நாட்டிலேயே கிடைப்பது அரிதாயிருந்தது. கல்வி இலாகாவின் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஒரு வருஷ காலம் வேலையின்றி, நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் நாட்களைக் கழித்தார். 1889-இல் பிரஸிடென்ஸி கலாசாலையில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிகமான உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இந்த அநீதி அவரது உள்ளத்தை வருத்தியதுண்டு. ஆனால் ஊக்கத்தைக் குலைத்ததில்லை.

1890-களின் நடுவே, இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையிலிருந்து பெற்ற சில அரிய கனிப்பொருள்களை அவர் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். மெண்டலீவின் அட்டவணையில் காலியாயிருந்த இடங்களுக்குரிய மூலகம் ஒன்றிரண்டேனும் நம் நாட்டுக் கற்களில் அகப்படாதா என்பதே அவரது நோக்கம். அடிமை நாட்டைச் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியர் இத்தகைய எண்ணத்தைக் கொண்டதே பெரிய காரியமென்போம். அதே வேளையில் இங்கிலாந்திலே அந்த அட்டவணைக்கு எதிர்பாராத விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தனர். ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தனர். 1868-இல் நம் குண்டூரிலிருந்தும் பார்க்கப்பட்ட சூரிய கிரகணத்தை ஒட்டி, சூரியனில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்டு வந்த ஹீலியத்தை, 1895-இல் ராம்சே பூமியிலேயே கண்டார். 1898-இல் நியான், கிரிப்டான், செனான் மூன்றும் வெளிப்பட்டன. இவற்றுக்கென்று மெண்டலீவ் ஓரிடமும் விட்டிருக்கவில்லை. ஆயினும் இக்குடும்பம் முழுவதற்கும் புதியதொரு நெடுவரிசை சேர்த்தபோது, அட்டவணை சிதையவில்லை, முன்னிலும் செம்மையாயிற்று.

நமது ஆச்சாரியர் தேடிய புதிய மூலகம் அவருக்கு அகப்படவில்லை. ஆனால் தேடுகிறவன் கை வெறுங்கையாகத் திரும்புவதில்லை. 1895-இல் பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் திராவகத்தைக் குளிர்ந்த நிலையில் செலுத்தி, வேறொரு உப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் நிறப் படிகங்கள் அடியில் படிவதைக் கண்டார். இவ்விடத்தில் இப்பொருள் வருவதற்கு நியாயமில்லையே என்று அவருக்குத் தோன்றிற்று. கீழே கொட்டிவிடாமல் ஆராய்ந்தார். அது மெர்குரஸ் நைட்ரைட் என்னும், அதற்குமுன் ஒருவரும் அறிந்திராத கூட்டுப் பொருள். 1896-இல் வங்காள ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் அவர் அதனை வெளியிட, மேனாட்டு அறிஞர்களின் கவனம் கல்கத்தாவின்பால் திரும்பிற்று. நைட்ரைட் உப்புக்களின் ஆராய்ச்சி அவரது ஆயுட்காலத் தொழிலாயிற்று.

பாதரசம் என்றவுடன் நம் ஜில்லா வாசகர்களுக்குப் பழனி நினைவு வருதல் இயல்பு. போகர் என்னும் சித்தர் நவபாஷாணங்களைக் கட்டி அங்குள்ள மூர்த்தியைச் செய்தாரென்பது நெடுநாளைய ஐதீகம். ரசத்தைப் பொன்னாக்கும் ரசவாதத்திலே எத்தனையோ பேர் பொருளையும் வாழ்நாளையும் தொலைத்தனர். இவ்விஷயத்தில் மூலக அட்டவணை சொல்லும் செய்தி வியக்கத்தக்கது. இன்றைய அட்டவணையில் பொன்னின் எண் 79. பாதரசத்தின் எண் 80. இரண்டும் அடுத்தடுத்த வீட்டார். ஆனால் இடையிலுள்ள சுவர் அணுவின் நடுக்கருவிலே எழுந்திருப்பது. அடுப்பும் மூலிகையும் திராவகமும் அதனைத் தொடமாட்டா.

இந்த எண் யாதென்பதையும் சொல்லிவிடுவோம். மெண்டலீவ் அணுஎடைப்படி வரிசைப்படுத்தியபோது சில இடங்களில் இடர்ப்பாடு நேர்ந்தது. தெலூரியம் அயோடினைவிடக் கனமானது. ஆயினும் குணத்தை நோக்கி, தெலூரியத்தையே அவர் முன்னே வைத்தார். எடையைக் கணித்ததில் பிழையிருக்கலாமென்று நினைத்தார். 1913-இல் மோஸ்லி என்னும் ஆங்கிலேய வாலிபர், ஒவ்வொரு மூலகமும் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையின் உண்மையான ஆதாரம் எடையன்று, அணுக்கருவிலுள்ள மின்னேற்றத்தின் எண்ணிக்கையே என்று நிலைநாட்டினார். அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் தொகையே அணுஎண். தெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. மெண்டலீவ் வைத்த முறை சரியே. அவர் கூறிய காரணந்தான் பிழை. இவ்வுண்மையைக் கண்ட மோஸ்லி, இரண்டு வருஷங்களுக்குப்பின் கலிப்போலி யுத்தத்தில் 27-வது வயதில் மடிந்தார்.

புரோட்டான்கள் எத்தனையோ அத்தனை எலெக்ட்ரான்கள் அணுக்கருவைச் சூழ்ந்து, அடுக்கடுக்காக நிற்கின்றன. வெளி அடுக்கில் நிற்பவையே பிற பொருள்களுடன் கொடுக்கல் வாங்கல் செய்பவை. வெளி அடுக்கின் அமைப்பு ஒத்திருந்தால் குணமும் ஒத்திருக்கும். நெடுவரிசைகள் குடும்பங்களாக அமைவதன் ரகசியம் இதுவே. அடுக்குக்கள் நிரம்பும் கிரமத்தினாலேயே குறுக்கு வரிசைகள் ஏழும் 2, 8, 8, 18, 18, 32, 32 என்னும் அளவில் நிற்கின்றன. இவற்றைக் கூட்டினால் 118. திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இரும்பின் எண் 26. பித்தளையிலே சேர்ந்துள்ள தாமிரம் 29, துத்தநாகம் 30. இம்மூன்றும் ஒரே குறுக்கு வரிசையைச் சேர்ந்தவை. தாமிரத்துக்குக் கீழே வெள்ளியும் அதற்குக் கீழே பொன்னும் நிற்கின்றன. மூன்றும் மனிதர் ஆதிகாலம் முதல் நாணயமாக வழங்கிய உலோகங்கள். துத்தநாகத்துக்குக் கீழே காட்மியமும், அதற்குக் கீழே நமது ஆச்சாரியரின் பாதரசமும் நிற்கின்றன. இவ்வாறு படிப்பவனுக்கு அட்டவணை நெட்டுருப் போடும் பாடமாகத் தோன்றாது. நன்கறிந்த தெருவாகவே தோன்றும்.

இனி ஆச்சாரியரின் சரித்திரத்துக்குத் திரும்புவோம். அட்டவணையின் காலியிடங்களைத் தேடிய அவரது கண்ணுக்கு, தேசத்தின் காலியிடங்களும் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் பட்டம் பெற்றுக் குமாஸ்தா வேலைக்காக அலைகையில், சாதாரண மருந்துச் சரக்குக்கள்கூடக் கப்பலேறி வருவதை அவர் கண்டார். 1892-இல் ஏறக்குறைய 700 ரூபாய் முதலுடன், தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே வங்காள ரசாயனத் தொழிற்சாலையைத் தொடங்கினார். கசாப்புக் கடைகளிலிருந்து எலும்புகளைத் தருவித்து, மொட்டைமாடியில் உலர்த்தி, எரித்துச் சாம்பலாக்கி, பாஸ்பரஸ் சேர்ந்த உப்புக்களைச் செய்தார். அக்கம்பக்கத்தார் நாற்றத்தைப் பொறாமல் முறையிட்டனர். அவரோ வேறிடம் பார்த்துப் பணியைத் தொடர்ந்தார். கலாசாலை நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அதற்கே சென்றது. 1901-இல் அது கூட்டுக் கம்பெனியாகி வளர்ந்தது. 1980-இல் இந்திய சர்க்கார் அதனைத் தேசவுடைமையாக்கினர். சுதேசி என்னும் சொல் 1905-இல் வங்காளத் தெருக்களில் முழங்குவதற்கு 13 வருஷங்களுக்கு முன்பே, அதனை அவர் செயலாக்கிவிட்டார்.

நம் முன்னோரின் ரசாயன அறிவை அவர் புறக்கணித்தாரோவெனில், இல்லை. பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோவின் தூண்டுதலால், பழைய ஏட்டுச் சுவடிகளை வருஷக்கணக்காகத் தேடிப் படித்து, இந்து ரசாயன சாஸ்திர சரித்திரத்தை 1902-இலும் 1909-இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ரச நூல்களில் கூறப்பட்ட வடிகலங்கள், உலோக சுத்தி முறைகள், துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் வகை ஆகியவற்றை உலகறியச் செய்தவர் அவரே. ஆனால் பெருமையை எழுதிய அதே பேனாவினால் வீழ்ச்சியின் காரணத்தையும் எழுதினார். சாதிக் கட்டுப்பாட்டினாலே கைத்தொழில்கள் படித்தவரின் கையைவிட்டு அகன்றன. கருமானும் தோல் பதனிடுவோனும் இழிந்தோரென்று ஒதுக்கப்பட்டனர். கை அறிந்ததை மூளை அறியாமலும், மூளை நினைத்ததைக் கை செய்யாமலும் போயின. ஏன், எவ்வாறு என்று கேட்கும் வழக்கம் அற்றது என்று அவர் வகுத்துக் காட்டினார். பூட்டுப் பட்டறைகளும் தோல் ஷாப்புகளும் நிறைந்த திண்டுக்கல் சீமையார் இதனை ஊன்றிச் சிந்திக்க வேண்டும். ஆவாரம்பட்டையிலே தோல் ஏன் பதமாகிறதென்பதும் ரசாயன சாஸ்திரமே. அத்தொழிலாளியின் மகன் அட்டவணையைக் கற்று அதனைத் தன் தந்தையின் தொழிலோடு பொருத்திப் பார்ப்பானாயின், ஆச்சாரியர் கண்ட பிளவு அன்றே மூடத் தொடங்கும்.

ஏகம் என்னும் சொல்லைப் பற்றியும் இப்பொழுது விடை கூறலாம். மெண்டலீவ் நம் மொழியின் எண்ணுப்பெயர்களை எடுத்தாண்டது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் அவர் இரவல் வாங்கியது சொல்லை. அட்டவணையைக் கண்டது அவரது உழைப்பு. நம் முன்னோரின் உண்மையான சாதனைகளைச் சுவடி சுவடியாக நிரூபித்த ஆச்சாரியர், நிரூபிக்க இயலாத ஒன்றைச் சேர்த்து அக்கணக்கைப் பெருக்க முயலவில்லை. அளவுக்கு மிஞ்சி உரிமை கொண்டாடுவோர், நமக்கு நியாயமாக உள்ள உரிமையையும் பிறர் நம்பாதபடி செய்துவிடுகின்றனர். காலியிடத்தைக் காலியென்று ஒப்புக்கொண்டதனாலன்றோ மெண்டலீவின் அட்டவணை உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது?

1916-இல் பிரஸிடென்ஸி கலாசாலையினின்று விலகி, கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கலாசாலையில் முதலாவது பாலித் ரசாயனப் பேராசிரியரானார். 1921-இல் 60 வயது நிறைந்தது முதல் தமது சம்பளம் முழுவதையும் சர்வகலாசாலைக்கே திருப்பி அளித்து வந்தார். விவாகம் செய்துகொள்ளாத அவர், விஞ்ஞானக் கலாசாலையிலே ஓர் அறையில் எளிய வாழ்க்கை நடத்தினார். கதர் உடுத்தினார், இராட்டையைப் பரப்பினார். 1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, நிவாரணக் கமிட்டியின் தலைமையேற்று, வீடிழந்த ஜனங்களுக்காகப் பணமும் துணியும் தானியமும் திரட்டினார். 1924-இல் இந்திய ரசாயனச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். அவரிடம் கற்றவர்களுள் மேகநாத சாகா ஒருவர். நட்சத்திரங்களின் ஒளியைக் கொண்டு, அங்குள்ள மூலகங்கள் எந்த வெப்பத்தில் எந்நிலையிலிருக்கின்றன என்று கணிக்கும் சமன்பாட்டை 1920-இல் சாகா வெளியிட்டார். கோடைக்கானல் மலைமீது 1899 முதல் சூரியனை ஆராய்ந்து வரும் நிலையத்தைக் கண்டிருக்கும் நம் ஜில்லாவாசிகளுக்கு, ஒளியைப் பிரித்து மூலகத்தை அறியும் இவ்வித்தையின் அருமை விளங்கும். ஆச்சாரியர் தாம் தேடிய மூலகத்தைக் காணவில்லை. ஆனால் மூலகங்களை விண்மீன்களிலே படித்தறியும் மாணவரை உண்டாக்கினார். 1936-இல் 75-வது வயதில் ஓய்வு பெற்று, 1944-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ஆம் தேதி அந்த விஞ்ஞானக் கலாசாலை அறையிலேயே உயிர் நீத்தார். தேசம் விடுதலை அடைந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் தேடிய காலத்தில் வெறுமையாயிருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. 1923-இல் ஹாப்னியமும் 1925-இல் ரேனியமும் வெளிவந்தன. 43-வது இடத்துக்குரிய டெக்னீசியம் 1937-இல்தான் கிடைத்தது. அது தானே சிதையும் இயல்புடையதாதலின், பூமியின் கற்களில் அதனைத் தேடியோர் அனைவரும் ஏமாந்தனர். ஜப்பானிய அறிஞர் ஒகாவா 1908-இல் அவ்விடத்தை நிரப்பிவிட்டதாக எண்ணி, தம் தேசத்தின் பெயரையே அதற்கு இட்டார்; அவர் கண்டது உண்மையில் ரேனியமென்பது பிற்காலத்தில் புலனாயிற்று. பெயர் அட்டவணையினின்று நீங்கிற்று. ஆனால் ஜப்பானியர் அவமானமென்று ஒதுங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பரிசோதனைச் சாலைகளைக் கட்டி வளர்த்தனர். 113-வது மூலகத்தைத் தாங்களே உண்டாக்கி, 2016-இல் நிஹோனியம் என்று பெயர் சூட்டினர். அந்த வருஷத்தோடு ஏழாவது குறுக்கு வரிசையிலுள்ள மூலகங்கள் யாவும் பெயர் பெற்றன. அவ்வட்டவணையில் போலந்துக்கும் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பெயருண்டு, இந்தியாவுக்கு இல்லை. நம் தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே தோரியமும் அருமண் உலோகங்களும் நிறைந்து கிடக்கின்றன. பொருள் நம்மிடம் உண்டு. பொறுமையான ஆராய்ச்சியே பெருக வேண்டும்.

ஆதலின் எரியோட்டு நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. அட்டவணைக்கும் தேசத்தொண்டுக்கும் சம்பந்தம் உண்டு. இல்லாததை இல்லையென்று ஒப்புக்கொண்டு, இருக்க வேண்டியது இன்னதென்று அயலிலுள்ளவற்றைக் கொண்டு கணித்து, அதனைத் தேடி உழைப்பதே அட்டவணை கற்பிக்கும் ஒழுக்கம். அதனையே ஆச்சாரிய ராய் தமது பரிசோதனைச் சாலையிலும், தொழிற்சாலையிலும், சரித்திர நூலிலும், வெள்ளநிவாரணப் பணியிலும் கைக்கொண்டார். உங்கள் ஊர்ப் பள்ளியில் பரிசோதனைச் சாலை செவ்வையாயிருக்கிறதா என்று சென்று பாருங்கள். கண்ணாடிக் குழாய்கள் பெட்டியிலேயே தூங்குமாயின், அவற்றை வெளியே எடுக்கச் செய்யுங்கள். பட்டறையிலும் வயலிலும் உழைப்போரின் பிள்ளைகள், மஞ்சள் நிறப் படிகமொன்று எதிர்பாராமல் படியும்போது அதனைக் கொட்டிவிடாமல் ஏன் என்று கேட்கும்படி பழக்குங்கள். சுவரில் தொங்கும் அட்டவணை நிரம்பிவிட்டது. நம் தேசத்தின் அட்டவணையிலே காலியிடங்கள் இன்னும் பல உள்ளன. அவற்றை நிரப்பும் வேலை நம் வாலிபர்களுக்காகக் காத்துக்கிடக்கிறது.